மருந்து பட்ட அசோலா: நொதி கூடினால் தாங்குகிறது என்று அர்த்தமா?

வாய்மடை

வணக்கம். திருவாரூர் பக்கம் சம்பா வயல். நட்ட மூணாம் நாள் பிரெட்டிலாகுளோர் 50 ஈ.சி. களைக்கொல்லி, ஏக்கருக்கு 600 மில்லி, மணல்ல கலந்து வீசினோம். அடுத்த வாரம் சில்பாலின் தொட்டியில வளர்த்த அசோலாவ, அதான் தழைச்சத்துக்காக விடற மிதக்கும் நீர்ப் பெரணி, அள்ளி வயல்ல விட்டாச்சு. தொட்டியில மிச்சம் இருக்கறது பச்சைப்பசேல்னு இருக்கு. வயல்ல விட்டது ஓரத்துல சிவந்து, நடுவுல வெளுத்து, சின்னச் சின்னத் துண்டா உடையுது. கையில எடுத்துப் பாத்தா அடியில வேரே இல்ல. வேர் தனியா தண்ணியில கிடக்கு.

அக்கா மக எம்.எஸ்சி. தாவரவியல் படிக்குது. "மாமா, களைக்கொல்லி பட்டா அசோலாவுல ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதியெல்லாம் கூடும், அது தாங்கிக்கும்"னு ஒரு கட்டுரையக் காட்டுது. நொதி கூடுனா நல்லதுதானே? அப்புறம் ஏன் செத்துக்கிட்டு இருக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரிசல்காட்டான்

மணிச்சத்து பத்தலைன்னாலும் அசோலா சிவக்கும். பனியிலயும் சிவக்கும், உச்சி வெயில்லயும் சிவக்கும். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டுப் பாருங்க. எடுத்த எடுப்புல மருந்து மேல பழி போட வேண்டாம்.

பச்சையம்

கரிசல்காட்டான் சொல்வதில் பாதி சரி. சிவப்பை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்ட முடியாது. குளிர், வெயில், உப்பு, மணிச்சத்துக் குறைவு, மருந்து, எது வந்தாலும் அசோலா காட்டுவது ஒரே நிறம்தான். ஆனால் மணிச்சத்துக் குறைந்தால் செடி சிறுத்து, வேர் நீண்டு தொங்கும். வாய்மடை வயலில் வேர் கழன்று விழுகிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

நெருக்கடி வந்தால் வேரை உதறிவிடுவது அசோலாவின் குணம். வேரின் அடியில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். ஹைட்ராக்சில் ரேடிக்கல் (ஆக்சிஜனிலிருந்து பிறந்து, பட்டதையெல்லாம் தாக்கும் பொருள்) அந்தப் பெக்டினை உடைப்பதால்தான் வேர் சட்டென்று கழல்கிறது என்று ஜப்பானில் ஆய்ந்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். நாம் எதைக் கெடுதல் என்று பேசுகிறோமோ அதையே செடி தன் காரியத்துக்கும் பயன்படுத்துகிறது. எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிற விஷயம்.

இனி நொதிக்கு வருவோம். பிரெட்டிலாகுளோரும் பியூட்டாகுளோரும் குளோரோ அசிட்டனிலைடு குடும்பம். மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைச் செடி தயாரிக்கவிடாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. செல் சவ்வும் இலை மேல் மெழுகும் இல்லாமல் வளர்நுனி நின்றுபோகும். ஆக்சிஜனோடு இதற்கு நேரடிச் சம்பந்தமே கிடையாது. ஆனால் வளர்ச்சி நின்றாலும் வெயில் நிற்பதில்லையே. பசுங்கணிகம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அந்த எலக்ட்ரான்களுக்குப் போக இடம் இருக்காது, ஆக்சிஜன் மேல் ஏறும். அப்படி வருவதுதான் சூப்பர் ஆக்சைடு என்ற கெடுதலான ஆக்சிஜன். எஸ்.ஓ.டி. (சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ்) நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், வைட்டமின் சி-யைச் செலவழித்து அதைத் தண்ணீராக்குகிறது. செலவான வைட்டமின் சி-யை மீட்டுத் தருவது குளுட்டாதயோன் என்ற, செல்லுக்குள் இருக்கும் காப்புப் பொருள். செலவான குளுட்டாதயோனை மீட்பது குளுட்டாதயோன் ரிடக்டேஸ். இது ஒரு சுற்று.

சிக்கல் இங்கேதான். இந்த மருந்தைச் செயலிழக்க வைக்கவும் அதே குளுட்டாதயோன்தான் வேண்டும். ஜி.எஸ்.டி. (குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்) நொதி ஒரு குளுட்டாதயோன் மூலக்கூறை மருந்தோடு கோத்து, செல்லின் நுண்குமிழுக்குள் தள்ளிவிடும். அப்படிக் கோத்த குளுட்டாதயோன் திரும்ப வராது. ஒரே உண்டியலில் இருந்து இரண்டு செலவு. நெல்லுக்கு இந்தச் செலவைத் தாங்க வழி இருக்கிறது. நேரடி விதைப்புக்கான பிரெட்டிலாகுளோரில் ஃபென்குளோரிம் என்ற பாதுகாப்பியைச் சேர்த்து விற்பதே நெல்லின் ஜி.எஸ்.டி.யைத் தூண்டிவிடத்தான். அசோலாவுக்கு என்று யாரும் அப்படி எதையும் சேர்ப்பதில்லை.

ஆக, நொதி கூடியது என்றால் "தாக்குதல் நடக்கிறது, செடிக்கு அது தெரிந்துவிட்டது" என்றுதான் படிக்க வேண்டும். தாங்குகிறதா என்பது வேறு கேள்வி.

இலைக்குழி

நான்தான் அந்த அக்கா மகள். மாமா பாதியைத்தான் எழுதியிருக்கிறார்.

நான் காட்டியது அலகாபாத்தில் செய்து 2016இல் வந்த கட்டுரை. அசோலா மைக்ரோஃபில்லா, அசோலா பின்னேட்டா இரண்டுக்கும் பிரெட்டிலாகுளோரும் கூடுதல் புற ஊதா-பி கதிரும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்திருக்கிறார்கள். அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் குளுட்டாதயோன் ரிடக்டேஸும் கூடியிருக்கின்றன. அதை வைத்துத்தான் சொன்னேன். அது எதிர்ப்பு இல்லாமல் வேறென்ன?

பச்சையம்

> அது எதிர்ப்பு இல்லாமல் வேறென்ன?

அதே கட்டுரையில் மற்ற எண்களையும் பாரம்மா. அந்த இரண்டு நொதி கூடின. செலவான வைட்டமின் சி-யை மீட்க உதவும் டிஹைட்ரோ அஸ்கார்பேட் ரிடக்டேஸ் நொதி குறைந்தது. வைட்டமின் சி குறைந்தது, குளுட்டாதயோன் குறைந்தது. இரண்டிலும் ஒடுக்கிய (செலவாகாத) வடிவத்துக்கும் ஆக்சிஜனேறிய (செலவான) வடிவத்துக்கும் உள்ள விகிதம் சரிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கூடியது, வளர்ச்சி வீதம் இறங்கியது. கதிரும் மருந்தும் சேர்ந்தபோது எல்லாமே மோசம். நொதி என்பது வேலையாள், குளுட்டாதயோனும் வைட்டமின் சி-யும் கச்சாப் பொருள். ஆள் கூடி, பொருள் தீர்ந்தால் வேலை நடக்காது.

இன்னொன்று. இரண்டில் அதிகம் அடிபட்டது மைக்ரோஃபில்லா, தாக்குப்பிடித்தது பின்னேட்டா. நம் ஊர்த் தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோஃபில்லாதான். பின்னேட்டா இந்த மண்ணின் செடி, மைக்ரோஃபில்லா அமெரிக்காவிலிருந்து வந்தது. விளைச்சல் கூட என்று அதைப் பிடித்துக்கொண்டோம்.

அளவையும் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 600 மில்லி, 50 ஈ.சி. (லிட்டருக்கு 500 கிராம் மூலப்பொருள்) என்றால் 300 கிராம் மூலப்பொருள். எக்டருக்கு ஏறக்குறைய 750 கிராம். வயலில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் எக்டருக்கு 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். எல்லா மருந்தும் தண்ணீரிலேயே கரைந்ததாக வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 1.5 மி.கி. 2.5 செ.மீ. தண்ணீர் என்றால் 3 மி.கி. ஆய்வில் கொடுத்தது லிட்டருக்கு 5, 10, 20 மி.கி. வயலில் ஒரு பங்கு சேற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு பங்கு நுண்ணுயிர் தின்னும், நாள்பட நாள்படக் குறையும். எனவே ஆய்வின் உச்ச அளவில் நடந்ததை அப்படியே வயலுக்குப் பொருத்தக் கூடாது. சின்ன அளவில் நடந்ததைப் பொருத்திப் பார்க்கலாம்.

கரிசல்காட்டான்

அப்போ வயல்ல மருந்து கம்மிதான்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. பிறகு எப்படி மருந்துதான் காரணம்?

பச்சையம்

சராசரி கம்மி. ஆனால் மணலில் கலந்து வீசும்போது கை ஒரே சீராகப் போவதில்லை. மேட்டுப் பக்கம் தண்ணீர் விரலளவுகூட நிற்காது. அங்கே செறிவு பல மடங்கு ஏறும். வாய்மடை, மேட்டுப் பக்கம்தான் அதிகம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாய்மடை

ஆமாங்க. வடக்கு வரப்பு ஓரம் மேடு. அங்கதான் மொத்தமா வெளுத்துப் போச்சு. மடைப் பக்கம் பள்ளம், அங்க பாதி பச்சை இருக்கு.

குவெட்

ஆய்வகத்தில் இந்த நொதிகளை அளந்துகொண்டிருக்கிறவன். இலைக்குழிக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

அசோலாவில் கொழுப்புச் சிதைவை மலான்டைஆல்டிஹைடு வைத்து அளப்பார்கள். தயோபார்பிடியூரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்து 532 நானோமீட்டரில் படிப்போம், 600இல் படித்ததைக் கழிப்போம். சிவந்த அசோலாவில் இதே இடத்தில் ஒரு வம்பு இருக்கிறது. சிவப்பு நிறமியும் அந்த அலைநீளத்தின் அருகே ஒளியை உறிஞ்சும். மருந்து பட்ட செடி சிவப்பு, படாத செடி பச்சை. நீங்கள் அளந்த "சேதத்தில்" ஒரு பங்கு வெறும் நிறமாக இருக்கலாம். தயோபார்பிடியூரிக் அமிலம் சேர்க்காத இன்னொரு குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் வைத்து, அந்த அளவைக் கழித்தே ஆக வேண்டும். ஆசிரியர் கேட்கவில்லை என்றாலும் வையுங்கள்.

அடுத்தது, அரைக்கும்போது. அசோலாவில் பீனால் பொருள்கள் அதிகம். பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. தூள் போடாமல் அரைத்தால் சாறு கண்முன்னாலேயே பழுப்பாகும், நொதியும் போய்விடும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் எடுக்கிற கரைசலில் அஸ்கார்பேட் இல்லாவிட்டால், குறிப்பாகப் பசுங்கணிக வகை, சீக்கிரம் செத்துவிடும். பிறகு "மருந்தால் குறைந்தது" என்று எழுதுவீர்கள்.

ஈர எடை வைத்துக் கணக்கிடுவதும் ஆபத்து. அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். இலைகளுக்கு நடுவே ஒட்டிய நீர் தனி. ஒற்றுத்தாளில் எவ்வளவு ஒற்றினோம் என்பதைப் பொறுத்தே எண் மாறும். புரத அளவுக்குச் சொல்லுங்கள், அல்லது உலர் எடைக்கு.

இலைக்குழி

குறித்துக்கொண்டேன், நன்றி. ஒரு சந்தேகம். பல கட்டுரைகளில் பெராக்சைடை அழிக்கும் கேட்டலேஸ் நொதி குறைந்த மருந்து அளவில் கூடி, அதிக அளவில் இறங்குகிறது. எஸ்.ஓ.டி. மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

குவெட்

கேட்டலேஸ் வெளிச்சத்தில் தானே கெடும் நொதி. செடி அதை ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். புரதத் தயாரிப்பு தள்ளாடும்போது முதலில் இறங்குவது அதுதான். எஸ்.ஓ.டி. ஏறி கேட்டலேஸ் இறங்கினால் என்ன ஆகும்? பெராக்சைடு தயாரிப்பு வேகம், அழிப்பு மந்தம். அங்கே இரும்பு இருந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் வரும், அதை அழிக்க எந்த நொதியும் கிடையாது. எஸ்.ஓ.டி. மட்டும் கூடியதைக் காட்டிக் கொண்டாடும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இன்னும் ஒன்று. நீங்கள் அரைப்பது ஒரு உயிரை இல்லை. இலையின் மேல்மடல் குழிக்குள் நீலப்பச்சைப்பாசி இருக்கிறது. உங்கள் பெயரே அதுதானே. முழுச் செடியை அரைத்தால் பெரணியின் எஸ்.ஓ.டி.யும் பாசியின் எஸ்.ஓ.டி.யும் கலந்துதான் வரும். சயனைடு செம்பு-துத்தநாக வகையைத் தடுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதோடு இரும்பு வகையையும் தடுக்கும். இரண்டுக்கும் அசையாதது மாங்கனீசு வகை. ஜெல் ஓட்டிப் பார்த்தால் எந்தப் பட்டை கூடியது என்று தெரியும்.

நெல்மணி

இவ்வளவு பேசுறீங்க. நெல்லுக்குத் தழைச்சத்து வருமா வராதா, அதச் சொல்லுங்க. அதுக்குத்தான அசோலா விடுறோம்.

பச்சையம்

நியாயமான கேள்வி. காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிப்பது பெரணி இல்லை, குவெட் சொன்ன அந்தப் பாசி. அனபீனா அசோலே என்று படித்திருப்போம், இப்போது நாஸ்டாக் என்கிறார்கள். அதன் மரபணுத்தொகுதியை 2010இல் படித்தபோது, தனியாக வாழத் தேவையான பல மரபணுக்கள் சிதைந்து கிடந்தன. பெரணி செத்தால் அதற்கு வெளியே பிழைப்பில்லை. தாய்ச் செடியின் வித்துகளோடேயே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

தழைச்சத்துப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதற்காகவே பாசியில் ஹெட்டிரோசிஸ்ட் என்ற தடித்த சுவர்ச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்லில் ஆக்சிஜனை வெளியிடும் இரண்டாம் ஒளியமைப்பு கிடையாது, முதலாம் ஒளியமைப்பு மட்டும் ஆற்றல் தரும். சர்க்கரை பக்கத்துச் செல்லிலிருந்தும் பெரணியிடமிருந்தும் வர வேண்டும். ஆகவே டையூரான், அட்ரசின் மாதிரி இரண்டாம் ஒளியமைப்பை அடைக்கும் மருந்து ஹெட்டிரோசிஸ்டை நேராகத் தொடாது, ஆனால் சாப்பாட்டை நிறுத்திவிடும். பாராகுவாட் முதலாம் ஒளியமைப்பிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், அங்கே ஹெட்டிரோசிஸ்டும் தப்ப முடியாது.

எனவே பெரணி பச்சையாக மிதக்கிறது என்பதால் தழைச்சத்து வந்துகொண்டிருக்கிறது என்று நம்ப வேண்டாம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பாசி சோர்ந்திருக்கும். தண்ணீரில் யூரியா இருந்தாலும் இதே நிலைதான்.

குளக்கட்டு

வவுனியாவில இருந்து எழுதுறன். உங்கட கவலை அசோலா சாகுது எண்டு. எங்கட கவலை சல்வீனியா சாகுதில்லை எண்டு. அதுவும் நீர்ப் பெரணிதானே.

சல்வீனியா மொலஸ்டா இலங்கைக்கு வந்தது 1939இல, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியல் பிரிவு வழியா. வித்து முளைக்காத மலட்டுச் செடி, துண்டு துண்டா உடைஞ்சே குளம் குளமாப் பரவிட்டுது. மருந்து அடிச்சுப் பாத்தவையள் சொல்லுறது, மேல் இலை கருகும், கொஞ்ச நாளில அடியில இருந்து பச்சை வரும் எண்டு. இதுக்கும் அந்த நொதிதான் காரணமோ அண்ணை?

பச்சையம்

சல்வீனியாவில் பெரும்பங்கு உடம்பின் அமைப்பு. மேல் இலை மயிரைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு காம்பிலிருந்து நான்கு கிளை எழும்பி, நுனியில் மறுபடி ஒன்றாகக் கூடி, முட்டை அடிக்கும் கம்பி போல இருக்கும். அது முழுக்க மெழுகு, நுனி மட்டும் நீரை ஒட்டும். அதனால் மயிர்களுக்கு நடுவே காற்றுப்படலம் நிற்கும். 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை விவரமாக எழுதினார்கள். ஒட்டுத்திரவம் சேர்க்காமல் அடித்த மருந்து உருண்டு ஓடிவிடும். உள்ளே போனால்தானே நொதிக்கு வேலை. அதற்கும் மேல், அடுக்கடுக்காகக் கிடக்கும் பாயில் அடி மொட்டுகளுக்கு மருந்து படுவதே இல்லை.

தண்ணீரிலேயே கரைந்து வரும் மருந்து என்றால் இந்தக் கவசம் உதவாது. சல்வீனியாவுக்கு உண்மையான வேர் கிடையாது. மூன்றாவது இலைதான் நூல் நூலாகப் பிரிந்து வேர் மாதிரி தண்ணீருக்குள் தொங்குகிறது. அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு முன்னுக்கு வருகிறது.

குளக்கட்டு

விளங்குது. எங்களுக்குக் கடைசியில கைகொடுத்தது மருந்தில்லை, பூச்சி. சைர்டோபேகஸ் எண்ட சின்ன வண்டு. 1980இல அவுஸ்திரேலியாவில மூண்டாரா ஏரியில விட்டுப் பாத்து வெண்ட வண்டு, 1986இல இங்க கொண்டு வந்தவை. அது மொட்டைத் தின்னும், புழு தண்டுக்குள்ள துளைக்கும். எந்த நொதி கூடினாலும் வண்டுக்குக் கவலையில்லை.

நெல்மணி

கேரளாக்காரங்களும் ஆப்பிரிக்கப் பாயல்னு இதைத்தான் சொல்லுவாங்க. அங்கயும் வண்டு விட்டாங்க.

தாளடி

கிளைபோசேட் பத்தி யாரும் பேசலையே. அது அமினோ அமிலத்தத் தடுக்குற மருந்து, ஆக்சிஜனோட சம்பந்தமில்ல. அதனால நீர்ப் பெரணிக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம்லாம் வராது, சும்மா கட்டுரைக்காக அளக்குறாங்கன்னு எங்க பேராசிரியர் ஒருத்தர் சொல்லுவாரு.

குவெட்

இலக்கு அமினோ அமிலம்தான், விளைவு அதோடு நிற்கவில்லை. ஷிகிமேட் பாதையை அடைத்தால் ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபேன் மூன்றும் நிற்கும். ஃபினைல்அலனினிலிருந்துதான் ஃபிளேவனாய்டும் சிவப்பு நிறமியும். டைரோசினிலிருந்துதான் டோக்கோஃபெராலும் பிளாஸ்டோகுவினோனும். டோக்கோஃபெரால் என்றால் வைட்டமின் ஈ, சவ்வுக்குள் இருந்து கொழுப்பைக் காக்கிற பொருள். பிளாஸ்டோகுவினோன் இல்லாமல் ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் நகராது. கிளைபோசேட் தாக்குதலையும் கூட்டி, தடுப்புக்கான பொருளையும் வெட்டுகிறது. உங்கள் பேராசிரியர் முதல் நாளைப் பற்றிப் பேசுகிறார். சில நாள் கழித்துப் பெரணியை எடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

செடிக்குள் கிளைபோசேட் உடைந்து வரும் ஆம்பா என்ற பொருளும் சும்மா இல்லை, பச்சையம் தயாராவதைக் கெடுக்கும்.

தாளடி

சரி, கேட்டுப் பாக்குறேன். ஆனா எல்லா மருந்துக்கும் ஒரே கதைய எழுதுறாங்கங்கறது மட்டும் உண்மை.

குவெட்

அதில் உங்களோடு உடன்படுகிறேன். அட்ரசின், ஆக்சிஃபுளோர்ஃபென் இரண்டும் தருவது முக்கியமாக ஒற்றைநிலை ஆக்சிஜன் (ஆற்றல் ஏறிய ஆக்சிஜன்). அதற்கு எதிரே எஸ்.ஓ.டி. ஒரு துரும்பையும் அசைக்காது. அங்கே பார்க்க வேண்டியது கரோட்டினாய்டும் வைட்டமின் ஈ-யும். ஆனால் எல்லாக் கட்டுரையிலும் அதே எஸ்.ஓ.டி., கேட்டலேஸ், பெராக்சிடேஸ், புரோலின். கையில் இருக்கிற கருவிக்கு ஏற்பக் கேள்வி கேட்கிறார்கள்.

மண்வாசம்

மருந்தே அடிக்காம விவசாயம் பண்ண முடியாதா? தாத்தா காலத்துல என்ன எஸ்.ஓ.டி. பாத்தாங்க? இதெல்லாம் கம்பெனிக்காரன் சதி.

நெறியாளர்

மண்வாசம், இயற்கை விவசாயத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தலைப்பை ஒட்டிப் பேசுவோம்.

தொழுவம்

என்கிட்ட நாலு கறவை. அசோலா தண்ணியில இருக்குற மருந்தையெல்லாம் உறிஞ்சிச் சுத்தம் பண்ணுதுன்னு படிச்சேன். அப்போ வயல்ல வாரி மாட்டுக்குப் போடலாமா? தொட்டி அசோலா பத்த மாட்டேங்குது.

பச்சையம்

போடாதீர்கள். சுத்தம் செய்கிறது என்றால் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது என்றும் பொருள். சிலது உடைந்து போகும். குளுட்டாதயோனோடு கோத்தது நுண்குமிழுக்குள்ளேயே இருக்கும். மாட்டின் வயிற்றில் அது என்ன ஆகும் என்பதை உங்கள் கறவை மேல் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தார் அசோலாவை மாட்டுத் தீவனமாகப் பரப்பியபோது, அதற்கென்று தனிக் குழி வெட்டி வளர்க்கத்தான் சொன்னார்கள். தீவன அசோலா தொட்டியில், உர அசோலா வயலில். இரண்டையும் கலக்க வேண்டாம். தொட்டிக்கும் வயல் வாய்க்கால் தண்ணீரைக் கட்டாதீர்கள்.

தொழுவம்

சரிங்க. இன்னொரு குழி வெட்டிடுறேன்.

பச்சையம்

வாய்மடைக்கு. செலவில்லாமல் பார்க்க ஒரு வழி. மூன்று பேசின் எடுங்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர். இரண்டாவதில் மேட்டுப் பக்க வயல் தண்ணீர். மூன்றாவதில் அதே வயல் தண்ணீரோடு ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட். மூன்றிலும் தொட்டியிலிருந்து பச்சை அசோலா ஒரே அளவு போட்டு, ஒரே நிழல்வாட்டத்தில் வையுங்கள். இரண்டாவது சிவந்து மூன்றாவது பச்சையாக இருந்தால் கரிசல்காட்டான் சொன்ன மணிச்சத்து. இரண்டும் சிவந்து வேர் கழன்றால் தண்ணீரில் இன்னும் மருந்து இருக்கிறது. தண்ணீரை வடித்து அடுத்தவர் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள், வயலிலேயே நிற்கட்டும், மருந்து அங்கேயே குறையும். இரண்டாவது பேசின் பச்சையாக நிற்கும் வரை புதிதாக அசோலா விட வேண்டாம்.

நட்ட மூன்றாம் நாள் மருந்து, ஒரு வாரத்தில் அசோலா என்று இரண்டு பரிந்துரையையும் தனித்தனியாகப் படித்து ஒரே வயலில் செய்கிறோம். இடையில் நாலு நாள்தான். மருந்து போட்ட வயலுக்கு அசோலாவைத் தள்ளிப் போடுங்கள். அல்லது அசோலா விடப் போகும் வயலில் மருந்தைத் தவிர்த்து, கோனோவீடர் (கையால் தள்ளும் களைக்கருவி) ஓட்டுங்கள். நன்றாகப் படர்ந்த அசோலா களைக்கு வெளிச்சம் விடாது, வீடர் அதைச் சேற்றில் மிதித்தால்தான் தழைச்சத்தும் நெல்லுக்குக் கிடைக்கும்.

இலைக்குழி

குவெட் அண்ணா, மாமா வயல் தண்ணீரையே என் ஆய்வுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் துறையில் ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்தான். எதை அளந்தால் உருப்படியாக இருக்கும்?

குவெட்

முதலில் வளர்ச்சி வீதம், உலர் எடையில். அது இல்லாமல் மற்றவை எதற்கும் அர்த்தமில்லை. அடுத்து குளுட்டாதயோன், ஒடுக்கியதும் மொத்தமும். ஜி.எஸ்.டி. சுலபம், சி.டி.என்.பி. என்ற வேதிப்பொருள் வைத்து 340 நானோமீட்டரில் பார்த்துவிடலாம். மலான்டைஆல்டிஹைடு, நான் சொன்ன வெற்றுக் குழாயோடு. எஸ்.ஓ.டி.யை நேரம் இருந்தால் செய்யுங்கள். தழைச்சத்துப் பிடிப்பை அளக்க அசிட்டிலின் முறைக்கு வாயு நிறப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) வேண்டும், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கெஞ்சிக் கேட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். முதல் நாள் கூடிய நொதி பிறகு இறங்கியிருக்கும், நடுவில் எடுத்தால் "மாற்றமில்லை" என்று தோன்றும். எல்லா மாதிரியும் ஒரே மணி நேரத்தில் எடுங்கள், காலை அசோலாவும் உச்சிவெயில் அசோலாவும் ஒன்றில்லை. மைக்ரோஃபில்லாவோடு பின்னேட்டாவும் கிடைத்தால் சேர்த்து வையுங்கள்.

வாய்மடை

பேசின் வச்சுப் பாத்தேன். தொட்டித் தண்ணி பச்சை. மத்த ரெண்டும் சிவந்து வேர் கழண்டுருச்சு, சூப்பர் போட்டதும் சேர்த்துத்தான். இப்போதைக்கு வயல்ல அசோலா விடல. பின்னேட்டா தாய்வித்து டெல்டா பக்கம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன். மருமகளுக்கும் ஒரு பிடி வேணுமாம்.